ரயிலை வாங்கலாம், வேலியை டவுன்லோட் செய்யலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம் ஆடுவார்கள். இரண்டாவது மாதம் "இதை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்வது?" என்ற கேள்வி வரும். வீட்டில் உள்ள பெரியவர்களும் அதையே கேட்பார்கள். என்னிடம் கொஞ்சம் வித்தியாசமான பதில் ஒன்று இருக்கிறது. ஒரு வேலி கட்டுங்கள். நிஜ வேலி அல்ல. இரண்டு சென்டிமீட்டர் உயரம் மட்டுமே உள்ள வேலி.

மாடல் ரயில் என்ற பொழுதுபோக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பிளைவுட் பலகையின் மேல் சின்னத் தண்டவாளம் அமைத்து, அதில் சின்ன ரயிலை ஓட விடுவது. ரயிலும் தண்டவாளமும் கடையில் கிடைக்கும். மலை, வயல், ஸ்டேஷன், வீடு, வேலி எல்லாம் நாம் செய்ய வேண்டியவை. இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது. இன்டர்நெட்டில் தேடினால், பேப்பரில் பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டக்கூடிய கட்டடங்களும் வேலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. டவுன்லோட் செய், பிரிண்ட் எடு, வெட்டு, ஒட்டு. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

வீட்டை டவுன்லோட் செய்யுங்கள், ஆட்சேபணை இல்லை. டிக்கெட் கவுன்டரை டவுன்லோட் செய்யுங்கள். வேலியை மட்டும் டவுன்லோட் செய்யாதீர்கள் என்பேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அப்படி இறங்கி வரும் வேலிகள் எப்படிப்பட்டவை என்று ஒருமுறை பாருங்கள். வெள்ளை பெயின்ட் அடித்த, நுனி கூரான பலகை வேலி. அல்லது இரண்டு மூன்று மரச்சட்டங்களைப் படுக்கை வசமாகச் செருகிய குதிரைப் பண்ணை வேலி. மரம் மலிவாகக் கிடைத்த நாடுகளின் வேலிகள் அவை. சேலத்திலிருந்து நாமக்கல் வரை ஒரு தோட்டத்துக்காவது அப்படி வேலி போட்டிருக்கிறார்களா? அதை உங்கள் பலகையில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் "நாமக்கல்" என்று மஞ்சள் போர்டு வைத்தால், பார்க்கிறவர்களுக்கு ஏதோ இடிக்கும். என்ன இடிக்கிறது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

தென்னை மரம் கேரளாவிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. ஓட்டு வீடு எங்கும் உண்டு. ரயில் பெட்டி இந்தியா முழுவதும் ஒரே மாதிரிதான். வேலி அப்படியில்லை. அந்த ஊரில் என்ன கல் கிடைக்கிறது, என்ன மரம் தண்ணீர் இல்லாமல் பிழைக்கும், ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதையெல்லாம் பார்த்துத்தான் வேலி வரும். ஊரின் கையெழுத்து என்று அதைச் சொல்லலாம்.

ஜன்னல் ஓரம் கிடைத்தால்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் அகல ரயில் பாதை 2013-ல்தான் திறக்கப்பட்டது. மல்லூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர் என்று வந்து, காவிரியைத் தாண்டி வாங்கல் போய், கரூரில் சேரும். மாடல் ரயிலுக்கு இதைவிட நல்ல பாதை நம் பக்கத்தில் இல்லை என்பது என் கட்சி. மரவள்ளிக் காடு, கோழிப்பண்ணை, நாமக்கல்லின் ஒற்றைக் கல் கோட்டை, கடைசியில் அகலமான ஆறு என்று எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. ஆனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இவற்றையெல்லாம் விட அதிக நேரம் கண்ணில் படுவது வேலிதான். ஒன்று முடிந்தால் இன்னொன்று.

அந்த வேலிகளில் பழையது கிளுவை. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மழைக்காலத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். கிளை நுனியே முள்ளாக முடியும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும். வெள்ளைப்போளம் தரும் மரத்துக்கு இது நெருங்கிய சொந்தம். இப்படி உயிருள்ள செடியையே வேலியாக வளர்ப்பதால் உயிர்வேலி என்று பெயர். அதன் மேல் கோவைக்கொடி படரும், பிரண்டை படரும், வேலிப்பருத்தி படரும். உள்ளே கௌதாரி ஓடும். ஓணானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழமொழியிலேயே அது வேலியில்தான் போகிறது.

இரண்டு தோட்டத்துக் கிளுவை வேலிகளுக்கு நடுவில் வண்டி போகிற சந்துக்கு இட்டேரி என்று பெயர். உங்கள் பலகையில் ஒரே ஒரு இட்டேரியைப் போட்டு, அதைத் தண்டவாளத்தின் அருகில் கொண்டுவந்து முடித்துப் பாருங்கள். "இது நம்ம பக்கம்" என்று கொங்குக்காரர் யாரும் போர்டைப் படிக்காமலே சொல்லிவிடுவார்.

அடுத்தது கல்லுக்கால். கருங்கல்லை நீளவாக்கில் பிளந்து எடுத்த கால்களை வரிசையாக நட்டு, மூன்று முதல் ஐந்து வரிசை முள்கம்பி இழுத்திருப்பார்கள். கல்லுக்குக் குறைவில்லாத சீமை இது. மரக் கம்பம் நட்டால் கரையான் விடாது. ஆகவே கல்.

மூன்றாவது ரயில் கற்றாழை. பட்டையான சாம்பல் பச்சை மடல், நுனியில் ஊசி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. ரயில் பாதை ஓரம் வேலியாக வளர்த்ததால் தமிழில் அதற்கு ரயிலின் பெயரே ஒட்டிக்கொண்டது. சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை 1862-லேயே ரயில் பாதை போட்டு முடித்துவிட்டார்கள். நீங்கள் செய்யப்போவது அந்தப் பழைய மெயின் லைன் என்றால் ரயில் கற்றாழை இல்லாமல் ஆகாது.

கடைசியாக, இன்றைய வேலி. அச்சில் வார்த்த சிமென்ட் கம்பம், கம்பி வலை. கோழிப்பண்ணைகளைச் சுற்றியும், புதிதாக மனை பிரித்த இடங்களைச் சுற்றியும் இதுதான். அழகில்லை என்று ஒதுக்காதீர்கள். 2020-க்குப் பிறகான நாமக்கல்லைச் செய்கிறீர்கள் என்றால் இதுவும் இருந்தே ஆக வேண்டும்.

கவனித்தீர்களா? எந்த வேலி என்று முடிவு செய்தால், எந்த வருஷம் என்பதும் கூடவே முடிவாகிறது. சேலம் - விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலம் வேண்டுமென்றால் கிளுவையும் கற்றாழையும் போடுங்கள், கம்பி வலை கூடாது. இன்றைய காலம் வேண்டுமென்றால் ஆளில்லாத லெவல் கிராசிங் வைக்காதீர்கள். அகலப் பாதைகளில் அவற்றையெல்லாம் 2019 தொடக்கத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

எக்செல் இதற்குத்தான் இருக்கிறது

கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் மாடல் ரயில் எச்.ஓ. என்ற அளவைச் சேர்ந்தது. நிஜத்தில் 87 அடி இருந்தால் மாடலில் 1 அடி. இன்னும் சின்னது வேண்டுமென்றால் என் ஸ்கேல் இருக்கிறது. அது 160-ல் ஒரு பங்கு. எச்.ஓ.வையே எடுத்துக்கொள்வோம்.

எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் போதும். முதல் பத்தியில் பொருளின் பெயர். இரண்டாவது பத்தியில் நிஜ அளவு, அடியில். மூன்றாவது பத்தியில் ஒரு பார்முலா: இரண்டாவது பத்தி எண்ணை 304.8-ஆல் பெருக்கி 87-ஆல் வகுக்க வேண்டும். (ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர்.) பார்முலாவை ஒரு செல்லில் மட்டும் டைப் செய்து, அதன் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள். எல்லா வரிசைக்கும் விடை வந்துவிடும். வரவு செலவுக் கணக்கு எழுதத்தான் எக்செல் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது நல்ல ஆரம்பம்.

தரைக்கு மேல் ஐந்தரை அடி நிற்கும் கல்லுக்கால் என்று வைத்துக்கொண்டால் மாடலில் 19.3 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், நம் அகல ரயில் பாதையின் அகலமும் அதே ஐந்தரை அடிதான், 1676 மி.மீ. ஆக, கணக்குப்படி எச்.ஓ. தண்டவாளமும் 19.3 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மி.மீ. ஏனென்றால் அது 1435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்காகச் செய்தது. மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் தனியாக உண்டு. இங்கே வாங்குவது சிரமம்.

"தண்டவாளமே மூன்று மி.மீ. குறைச்சல். அதைப் பொறுத்துக்கொள்கிறவனுக்கு வேலியில் மட்டும் என்ன இத்தனை கறார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தண்டவாளத்தின் அகலம் எங்கோ ஒரு ஃபேக்டரியில் முடிவானது. நம் கையில் இல்லை. வேலி முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்யலாமே.

மேலும் சில கணக்குகள். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஷீட் எச்.ஓ.வில் 212 மீட்டருக்கு 106 மீட்டர் நிலம், அதாவது ஐந்தரை ஏக்கர். (தஞ்சாவூர்ப் பக்கத்தில் வேலி என்பதே ஒரு நில அளவு, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் நம் பலகை ஒரு வேலிகூடத் தேறாது!) சதுரமான ஒரு ஏக்கர் நிலம் பலகையில் 73 செ.மீ.க்கு 73 செ.மீ. வரும். நிஜத்தில் அதன் சுற்றளவு 835 அடி. பத்து அடிக்கு ஒரு கல் நட்டால் 84 கல் வேண்டும்.

84 கல்லுக்கு எங்கே போவது? தீப்பெட்டிக்குள் பாருங்கள். மரத் தீக்குச்சி சுமார் 2 மி.மீ. கனம். 87-ஆல் பெருக்கினால் 17 செ.மீ., ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முரட்டுக் கல்லுக்கால் ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். மருந்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியை இரண்டாக நறுக்கினால் ஒரு குச்சியில் இரண்டு கால். 42 குச்சியில் ஒரு ஏக்கருக்கு வேலி!

இங்கே ஒரு எச்சரிக்கை. 84 குச்சியையும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், நேர்குத்தாக நட்டால் அது கல்லுக்கால் வேலி ஆகாது. பல் வரிசை ஆகிவிடும். கல் பிளந்து வருவது. ஒன்று ஒல்லி, ஒன்று தடி, ஒன்று சாய்வு. இதற்கும் எக்செல்லில் வழி இருக்கிறது. ரேண்ட்பிட்வீன் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. 18, 21 என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், இடைப்பட்ட எண்களில் ஏதாவது ஒன்றைத் தானாகவே பொறுக்கித் தரும். உயரத்துக்கு ஒரு பத்தி, இடைவெளிக்கு ஒரு பத்தி (33 முதல் 37 மி.மீ.; பத்து அடி என்பது சரியாக 35 மி.மீ.) என்று 84 வரிசை இழுத்துவிட்டால் ஒழுங்கற்ற வேலி ரெடி. ஒழுங்காகக் கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரத்திடம் ஒழுங்கின்மையைக் கேட்டு வாங்குவதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: ஷீட்டில் எதையாவது மாற்றினால் இந்த எண்களும் மாறிவிடும். பிடித்த வரிசை வந்தவுடன் அதை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒட்டிவிடுங்கள்.

குச்சிகளை உப்புத்தாளில் ஒழுங்கில்லாமல் தேய்த்து, வெளிர் சாம்பல் பூசி, அங்கங்கே கறுப்புப் புள்ளி வையுங்கள். பழுப்பு வேண்டாம், மரம் ஆகிவிடும். மூலைக் காலுக்கு மட்டும் சாய்வாக ஒரு முட்டுக்கல் கொடுங்கள். கம்பியின் இழுப்பு முழுவதும் மூலையில்தான் வந்து நிற்கிறது. முட்டு இல்லாத மூலையைத் தோட்டக்காரர் யாராவது பார்த்தால் சிரித்துவிடுவார்.

முள்கம்பி ஒரு தர்மசங்கடம். நிஜக் கம்பியின் ஓர் இழை இரண்டரை மி.மீ. கனம் என்று வைத்தாலும், 87-ஆல் வகுத்தால் 0.03 மி.மீ. தலைமுடியை விட மெல்லியது. ஸ்கேலுக்குக் கட்டுப்பட்டால் கம்பி கண்ணுக்கே தெரியக் கூடாது. கெட்டுப்போன மவுஸ் ஒயரை உரித்தால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். அதில் ஒற்றை இழையை எடுத்துக் கட்டுங்கள். கொஞ்சம் தடிமன்தான், ஆனால் கண் ஏற்றுக்கொள்ளும். முள்ளைச் செய்ய முயலாதீர்கள். முள் செய்கிறேன் என்று இறங்கியவர்களின் வேலி மணி கோத்த மாலை மாதிரிதான் வந்து நிற்கிறது.

போட்டோவில் அளக்கலாம்

சரி, ஐந்தரை அடி என்று எப்படித் தெரியும்? தோட்டத்துக்குப் போய் டேப் பிடித்து அளக்கலாம். முன்பின் தெரியாதவர் வேலியில் டேப் வைத்தால் நிலத் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதைவிடச் சுலபமான வழி போட்டோ. ஒரு அடி ஸ்கேலைக் கல்லுடன் ஒட்டி நிமிர்த்திப் பிடித்து, நேர் எதிரே நின்று, கேமராவைச் சாய்க்காமல் ஒரு படம் எடுங்கள். செல்போன் கேமராவே போதும்.

படத்தை பெயின்ட்டில் திறந்து, மவுஸை ஸ்கேலின் உச்சிக்கும் அடிக்கும் கொண்டுபோனால், கீழே உள்ள பட்டையில் எண்கள் மாறுவது தெரியும். அதில் இரண்டாவது எண் உயரத்துக்கானது. ஸ்கேலின் உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் 240 என்றும், கல்லின் உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் 1320 என்றும் வைத்துக்கொள்வோம். 1320-ஐ 240-ஆல் வகுத்தால் ஐந்தரை. ஐந்தரை அடிக் கல்! எந்த சாஃப்ட்வேரும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

இனி பிரிண்டர். வேலியை பிரிண்ட் எடுக்க வேண்டாம் என்றேன். வேலி நடும் வரைபடத்தை அவசியம் எடுங்கள். எக்செல் கொடுத்த இடைவெளிகளின்படி இங்க்ஸ்கேப்பிலோ வேர்டிலோ ஒரு கோட்டில் புள்ளி வைத்து, அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, புள்ளிகளில் ஊசியால் குத்திக் கால்களை நடலாம். நட்ட பிறகு மேலே மண் தூவினால் தாள் மறைந்துவிடும். இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். பிரிண்ட் கொடுக்கும்போது வரும் டயலாக் பாக்ஸில் "ஃபிட்" என்று இருந்தால் கம்ப்யூட்டர் உங்களைக் கேட்காமலே படத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். தாளின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து வரைந்து, பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 9.7 வந்தால் அந்தத் தாளைக் கணக்குப் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளுவைக்கு கம்ப்யூட்டர் அதிகம் உதவாது, கைதான். ஆறடி உயரம் 21 மி.மீ.; நான்கடி அகலம் 14 மி.மீ. தேங்காய் நாரை அந்தக் கனத்துக்குத் தளர்வாகத் திரித்து, விரலால் பிய்த்துப் பிய்த்து விட்டு, அடிப்பக்கம் நெருக்கமாகக் குச்சிகள் செருகுங்கள். காய்ந்த துளசிக் கதிரை ஒடித்தால் நல்ல குச்சி கிடைக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, டீ போட்டு வடிகட்டிய தூளை நன்றாகக் காயவைத்துப் பச்சை நிறம் சேர்த்துத் தூவுங்கள். சித்திரை மாதத்து லேஅவுட் என்றால் தூவாதீர்கள். வெறும் நாரும் குச்சியும் போதும். மேல்மட்டத்தைக் கத்தரியால் சமமாக வெட்டிவிட்டால் அது பார்க் செடியாகிவிடும். இட்டேரிக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 42 மி.மீ. விடுங்கள். தரைக்கு, பழைய நைலான் துணியில் சலித்த செம்மண்ணை விட நல்ல பெயின்ட் உலகத்தில் கிடையாது.

ரயில் கற்றாழைக்குச் சாம்பல் பச்சை பூசிய தாளில் கூர் மடல்களை வெட்டி, வட்டமாக அடுக்கி ஒட்டுங்கள். கம்பி வலைக்கு மெல்லிய வலைத்துணி, சிமென்ட் கம்பத்துக்கு ஊதுபத்திக் குச்சி. இவற்றில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

மேஜைக்கு அடியிலும் மேலேயும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வேலி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1940-களில் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு கோஷ்டி. ஒன்று, ரயிலுக்கு பெயின்ட் அடிப்பது, மலை, ஊர் செய்வது என்று மேஜைக்கு மேலே வேலை பார்க்கும். இன்னொன்று மேஜைக்கு அடியில் புகுந்து, டெலிபோன் ரிலேக்களைக் கோத்து, எந்த ரயில் எந்த லைனில் போக வேண்டும் என்ற ஸ்விட்ச் வேலையைப் பார்க்கும். கல்லூரிக்குள் கம்ப்யூட்டர்கள் வந்தபோது அதில் விழுந்து கிடந்தவர்கள் இந்த அடிமேஜைக்காரர்கள். "ஹேக்கர்" என்ற சொல் கம்ப்யூட்டர் உலகத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர்கள் பேச்சிலிருந்துதான். ஸ்டீவன் லெவி 1984-ல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' புத்தகம் இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

அடிமேஜைக்காரர்களின் புகழ் உலகம் முழுவதும் பரவிவிட்டது. மேல்மேஜைக்காரர்களை யாரும் நினைப்பதில்லை. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் கம்ப்யூட்டர் அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளைச் செய்ய வைக்கும். எக்செல்லில் கணக்கு, கையில் தேங்காய் நார். முடிந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புனேக்குப் போக நேர்ந்தால், கோத்ரூடில் 1998 முதல் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்தைப் பாருங்கள்.

"எதற்கு இந்தக் கஷ்டம்? ட்ரெயின் சிமுலேட்டர் கேம் போட்டால் திரையிலேயே ரயில், வயல், வேலி எல்லாம் வந்துவிடுமே" என்று சிலர் சொல்லக்கூடும். ஓட்டிப் பழக அது நல்லதுதான். ஆனால் அதில் வரும் வேலியும் யாரோ எந்த ஊரிலோ உட்கார்ந்து வரைந்துவைத்த பொதுவேலிதான். டவுன்லோடுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

கூகுள் எர்த்தில் ஒரு கடிகாரம்

இத்தனை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளுவை வேலி குறைந்துகொண்டே வருகிறது. தோட்டக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஐந்தடி அகலத்துக்குப் படர்ந்த கிளுவை ஒரு ஏக்கர் நிலத்தைச் சுற்றி நின்றால், 835-ஐ ஐந்தால் பெருக்கி 4,175 சதுர அடி. சென்ட் கணக்கில் ஒன்பதரை சென்ட்! இன்றைய நில விலையில் யார் விடுவார்கள்? வருஷா வருஷம் கழித்துவிட ஆள் வேண்டும், கூலி வேண்டும். கல்லுக்காலும் கம்பியும் அரை அடியில் அடங்கிவிடும். மனை பிரிக்கிறவருக்கோ எந்த வேலியும் வேண்டாம். முதல் நாளே புல்டோசர்தான். வேலி போனால் கோவைக்கொடி போகும், கௌதாரி போகும். இட்டேரி தார் ரோடாகும்.

உங்கள் ஊரில் என்ன நடந்திருக்கிறது என்று வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம். இன்ஸ்டால் செய்து உங்கள் ஊர்ப் பக்கம் போய் நன்றாகக் கிட்டப் பாருங்கள். வயல்களின் ஓரத்தில் கரும்பச்சையாக, கொஞ்சம் பிசிறடித்த கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் உயிர்வேலி. மேலே டூல்பாரில் கடிகாரம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதைக் க்ளிக் செய்தால் பழைய வருஷங்களின் படங்கள் வரும். பட்டையை இடது பக்கம் இழுக்க இழுக்கக் காலம் பின்னால் போகும். இன்று மனையாக இருக்கும் இடத்தில் அன்று எத்தனை கோடுகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயே ரூலர் என்ற கருவியும் உண்டு. அந்தக் கோட்டின் நீளத்தையும் அளந்துகொள்ளலாம். உங்கள் லேஅவுட்டுக்கு ஊர் வரைபடம் தேடி எங்கும் அலைய வேண்டாம்.

இப்படி அளந்த ஒரு எக்செல் ஃபைலும் நாலைந்து போட்டோவும் சேர்ந்தால், அது விளையாட்டுச் சாமானுக்கான குறிப்பு மட்டும் அல்ல. கோட்டைக்கும் கோயிலுக்கும் வரைபடம் இருக்கும். ஒரு தோட்டத்து வேலிக்கு யார் வரைந்து வைக்கிறார்கள்? உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, உள்ளே என்னென்ன கொடி, எந்த இடத்தில் கடவு, அதற்குப் போட்ட படல் மூங்கிலா முள்ளா என்று எழுதி வைத்தால், அந்த வேலி போன பிறகும் அதை மறுபடி செய்துவிடலாம். செய்கிறவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது "புக்1" என்று விட்டுவிடாதீர்கள். ஊர் பெயர், தோட்டத்தின் எந்தத் திசை, மாதம், வருஷம் நான்கையும் தமிழிலேயே டைப் செய்யுங்கள். யூனிகோடில் அடித்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். மாதத்தைக் கட்டாயம் போடுங்கள், கிளுவைக்கு இலை இருந்ததா இல்லையா என்பது அதில்தான் தெரியும். போட்டோக்களையும் அதே ஃபோல்டரில் போட்டு, ஒரு பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.